கைமாப்பா, மோட்டார் மாப்பா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் மோட்டார் வைத்த தரை துடைப்பான் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பெரும்பாதி அதைப் பற்றித்தான். பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரைக்கும், முக்கூடலிலிருந்தும், துபாயிலிருந்தும்கூட எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்களுடையது பழைய வீடு. தார்சா என்கிற முன்னறையும் பட்டாசல் என்கிற கூடமும் சிவப்புத் தரை, பின்னால் புதிதாக எடுத்த இரண்டு அறையும் அடுக்களையும் டைல்ஸ். அத்தைக்கு முட்டுவலி, குத்தவைத்துத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் நான் வேலைக்குக் கிளம்பியதும் அவர்களே துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நின்றுகொண்டு துடைத்தால் அழுக்குப் போகாது என்கிறார்கள். வீட்டுக்காரர் மோட்டார் மாப் வாங்கிவிடலாம் என்கிறார், ஆறாயிரத்துக்கு மேல் ஆகும்போல. வாங்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மெஷின் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அத்தையை இன்றைக்கே தரையிலிருந்து எழுப்பிவிடுங்கள். முட்டுக்குக் கேடு குத்தவைக்கிறதுதான், அதை நிறுத்த மோட்டார் தேவையில்லை, நின்றபடி துடைக்கிற எந்த மாப்பும் போதும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மோட்டார் எந்த வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, எதை நம் தலையிலேயே விட்டுவிடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல்தான் நிறையப் பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஐந்தாயிரம் ஏழாயிரம் விலையில் கடையில் காட்டுவது பெரும்பாலும் அடியில் இரண்டு வட்டத் துணி சுற்றுகிற வகை. பேட்டரியில் ஓடும், சிலவற்றில் முன்பக்கம் தண்ணீர் பீச்சுகிற வசதி இருக்கும். அது தேய்க்கும், அவ்வளவுதான். தூசியை உறிஞ்சாது, அழுக்குத் தண்ணீரை எடுக்காது. முதலில் வாரியலால் நன்றாகத் தூத்துப் பெருக்கியிருக்க வேண்டும், துணி கறுத்ததும் கழற்றி வேறு மாட்ட வேண்டும், வேலை முடிந்து அந்தத் துணிகளைக் கசக்கிக் காயப்போட வேண்டும், வட்டத் துணி என்பதால் சுவர் மூலையில் மூணு விரல் அகலத்துக்கு அழுக்கு அப்படியே நிற்கும், அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். தேய்க்கிற அழுத்தத்தையும், திரும்பத் திரும்ப முக்கிப் பிழிகிறதையும் மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாதவர்களுக்கும், மணிக்கட்டு வலியால் துணி பிழிய முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி, அவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். உங்கள் அத்தைக்கு முட்டு மட்டும்தான் என்றால் அந்தப் பணம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் இன்னொரு விஷயம் நிலைப்படி. பழைய வீடுகளில் தார்சாவுக்கும் பட்டாசலுக்கும் நடுவில் ஒன்று, அடுக்களைக்குப் போகும்போது ஒன்று, புறவாசலுக்கு ஒன்று என்று கணுக்கால் உயரத்துக்கு நிற்கும். மெஷின் இரண்டரை மூன்று கிலோ இருக்கும். தரையில் ஓடும்போது அந்தக் கனமே தெரியாது, தானாக வழுக்கிக்கொண்டு போகும், கடையில் ஓட்டிக் காட்டும்போது எல்லாருக்கும் பிடித்துப்போவதும் அதனால்தான். ஆனால் ஒவ்வொரு நிலைப்படியிலும் அதைத் தூக்கி வைத்துவிட்டுத் தானும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும், முட்டுவலிக்காரர்களுக்கு அந்த இடம்தான் ஆபத்து. ஒரே மட்டத்தில் கட்டிய புது வீடு என்றால் இந்தச் சங்கடம் கிடையாது.

சிவப்புத் தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கு அதை அந்தப் பளபளப்போடு போட்டுத் தருகிற கொத்தனார் கிடைப்பது கஷ்டம். சிமெண்டோடு இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, மேலே ஒரு பூச்சாகப் போட்டு, கரணையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. மேல்பூச்சு போனால் போனதுதான். அதற்கு எதிரி மணலும் ஆசிட்டும். பெருக்காமல் விட்ட ஒரு பொடி மணல் சுற்றுகிற துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வட்ட வட்டமாகக் கீறல் விழும், மத்தியானம் கண்ணுக்குத் தெரியாது, காலை வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழும்போது தெரியும். அதனால் முன்பக்கத்துக்குக் கைமாப்தான். மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். வயதானவர்கள் நடக்கிற பாதையில் மட்டும் அதை விட்டுவிடுங்கள், வழுக்கும்.

சரி, எதை வாங்குவது? தட்டையான தலை உள்ள ஃப்ளாட் மாப், மைக்ரோஃபைபர் துணியோடு. ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும். கடையில் அத்தையையே பிடித்து நிற்கச் சொல்லுங்கள், கம்பு அவர்கள் மோவாய் வரைக்கும் வர வேண்டும். குட்டைக் கம்பு வாங்கினால் முட்டுவலி போய் இடுப்புவலி வரும். கூடவே உதிரித் துணி நாலைந்து வாங்கிவிடுங்கள். பிறகு வாளியையே ஒழித்துவிடலாம், எப்படி என்றால் நீங்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்தத் துணிகளை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒரு பேசினில் அடுக்கிவைத்துவிட்டுப் போங்கள். அத்தை அறைக்கு ஒன்று மாட்டித் துடைத்துவிட்டு அழுக்குத் துணியை இன்னொரு பேசினில் போட்டால் போதும். ஆஸ்பத்திரிகளில் ஒரு அறை அழுக்கு அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்று இப்படித்தான் செய்கிறார்கள். தரையிலும் ஈரம் நிற்காது. நிறைந்த வாளி என்பது பத்து லிட்டர் தண்ணீர், பத்துக் கிலோ. துடைக்கிறதைவிட அதைத் தூக்குகிறதில்தான் பல பேருக்கு இடுப்புப் பிடிக்கிறது.

நின்றுகொண்டு துடைத்தால் அழுக்குப் போகாது என்று அத்தை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உட்கார்ந்து துடைக்கும்போது உள்ளங்கைக்கு எல்லாம் தெரியும், எங்கே பிசுக்கு, எங்கே சோற்றுப்பருக்கை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று கையே சொல்லிவிடும். மாப்புக்கு அது தெரியாது. அப்படி ஒட்டின இடத்தில் ஈரத் துணியை ஐந்து நிமிஷம் போட்டுவைத்துவிட்டு, அதன்மேல் மாப்பை வைத்துக் காலால் லேசாக அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள், வந்துவிடும். பத்து நாள் பழகினால் அவர்களுக்கே நம்பிக்கை வரும்.

கேள்வி: வள்ளியூருக்குத் தெற்கே இருக்கிறோம். ஆனி ஆடியில் அடிக்கிற காற்றில் காலையில் துடைத்த தரை மத்தியானத்துக்குள் செம்மண் பூத்துவிடுகிறது. அது போக, துடைத்துக் காய்ந்த பிறகு டைல்ஸ் மேல் வெள்ளையாக ஒரு படலம் நிற்கிறது. எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் போகவில்லை. மோட்டார் மாப்பில் இது போகுமா?
– வாசகி, ராதாபுரம் வட்டம்

பதில்: போகாது. அந்த வெள்ளைப் படலம் அழுக்கு இல்லை, உங்கள் போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்த கடினத் தண்ணீரால் துடைத்தால், தண்ணீர் ஆவியாகும், உப்பு தரையிலேயே தங்கும். எந்த மெஷினில் ஊற்றினாலும் அதே தண்ணீர்தானே. தண்ணீர் பீச்சுகிற மெஷின் என்றால் அந்தச் சின்னத் துளைகளையும் உப்பு அடைத்துவிடும்.

இதில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் நிறைய வீடுகளில் செய்கிறார்கள்: ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்துவைத்துத் தரை துடைக்கிறார்கள். சிக்கன எண்ணம் நல்லதுதான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான், போர்த் தண்ணீரைவிடவும் அது கடினம். அதைக் கக்கூஸ் கழுவவும் முற்றம் கழுவவும் வையுங்கள். துடைக்கிறதுக்கு மழைத் தண்ணீர் இருந்தால் அது, இல்லாவிட்டால் ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பினாயிலையும் சோப்பையும் கூட்டக் கூட்டப் படலம் அதிகம்தான் ஆகும், சோப்பு கடினத் தண்ணீரோடு சேர்ந்தால் திரிந்து தரையில் ஒட்டும். பினாயிலைப் பாதியாகக் குறையுங்கள், துடைத்த கையோடு ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தண்ணீர் தானாகக் காய விடாதீர்கள். ஏற்கெனவே படிந்திருப்பதற்கு, விட்ரிஃபைட் டைல்ஸாக இருந்தால் மட்டும், ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டுத் துடைத்துவிட்டு உடனே நல்ல தண்ணீரால் துடைக்கலாம். மார்பிள், மொசைக், சிவப்புத் தரைக்கு வினிகர் ஆகாது.

அப்புறம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுதான் காவல்கிணறு, பணகுடி பக்கம் இத்தனை காற்றாலையைச் சுற்றவைக்கிறது, அது உங்கள் வீட்டுக்குள் மண்ணையும் கொண்டுவந்து போடுகிறது. திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மண், அதாவது அங்கே இருக்கிற செம்மணல் மேட்டு மண் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அது மேலே சிவந்திருந்தாலும் உள்ளே குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, மார்பிள் ஏறத்தாழ 3. பெருக்காமல் மெஷினை ஓட்டினால் மார்பிள் தரையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆக்கிவிடும். காற்று மாதங்களில் மத்தியானம் ஒரு தடவை காய்ந்த மைக்ரோஃபைபர் துணியை ஃப்ளாட் மாப்பில் மாட்டித் தள்ளிக்கொண்டே போங்கள், மண் அதில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரே வேண்டாம். ஈரத் துடைப்பு சாயங்காலம் காற்று தணிந்த பிறகு. மேற்குப் பக்கத்து ஜன்னலையும் அந்த நேரத்தில் சாத்திவையுங்கள்.

கேள்வி: வீட்டில் நானும் மகளும் பீடி சுற்றுகிறோம். சாயங்காலம் எழுந்திரிக்கும்போது தரையெல்லாம் புகையிலைத் தூள், இலைத் துணுக்கு. பெருக்கினால் மூக்கில் ஏறுகிறது, பேரனுக்குத் தும்மல் நிற்கவில்லை. தூசி உறிஞ்சுகிற மெஷின் ஏதாவது வாங்க வேண்டுமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் சோறு பொங்குகிறதும் பிள்ளை தூங்குகிறதும் பீடித்தட்டு இருக்கிறதும் ஒரே அறையில்தான், இதை யாரும் கேட்டு எழுதியதில்லை.

காய்ந்த வாரியலால் பெருக்காதீர்கள், அதை இன்றைக்கே நிறுத்துங்கள். பெரிய துணுக்குதான் வாரியலுக்கு வரும், மாவு மாதிரி இருக்கிற தூள் மேலே கிளம்பி அறை முழுக்க மிதந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாயிலும் தலையணையிலும் சோற்றுப் பானையிலும் இறங்கும். சாதாரணத் தூசி மெஷினும் வேண்டாம், விலை குறைந்தவற்றில் வடிகட்டி சரியாக இருக்காது, முன்னால் உறிஞ்சின பொடித் தூளைப் பின்னால் காற்றோடு ஊதிவிடும்.

உங்களுக்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. சுற்ற உட்காருவதற்கு முன்னால் ஒரு பழைய வேட்டியை விரித்து அதன்மேல் உட்காருங்கள். முடிந்ததும் எழுந்து, நாலு மூலையையும் மெதுவாக உள்பக்கமாக மடித்து, வெளியே எடுத்துப்போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உதறுங்கள். வீட்டுக்குள் உதறவே கூடாது. மிச்சம் தரையில் கிடப்பதை ஈரத் துணி மாட்டிய மாப்பால் வாசலிலிருந்து உள்ளே போகாமல், உள்ளேயிருந்து வாசலை நோக்கி ஒரே போக்காக இழுத்து வாருங்கள், முன்னும் பின்னும் தேய்த்தால் தூள் பரவும். அப்போது மின்விசிறி ஓடக் கூடாது, குழந்தை அடுத்த அறையில் இருக்கட்டும். அந்த மாப் துணி அதற்கு மட்டும், அடுக்களைக்கு எடுக்காதீர்கள். குழந்தை தவழ்கிற இடத்தைப் பிறகு இன்னொரு துணியால் வெறும் தண்ணீர் விட்டு ஒரு தடவை துடைத்துவிடுங்கள், புகையிலைத் தூள் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் பிள்ளைக்கு ஆகாது. தும்மல் அப்புறமும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டில் பீடி சுற்றுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன், வாப்பாவும் உம்மாவும் மேலப்பாளையத்தில் தனியாக இருக்கிறார்கள். இங்கே ஈரத்தையும் தூசியையும் சேர்த்து உறிஞ்சுகிற மெஷின் நல்லதாகக் கிடைக்கிறது. அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவரலாமா?
– வாசகர், துபாய்

பதில்: நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, நடுவில் சுற்றுகிற ரோலர் என்று இருக்கிற வகையைச் சொல்கிறீர்கள். பெருக்கிறதையும் துடைக்கிறதையும் ஒரே ஓட்டத்தில் முடிப்பது உண்மையில் அதுதான், மோட்டார் மாப் என்கிற பெயருக்குப் பொருத்தமான வேலையும் அதுதான் செய்கிறது. ஆனால் கனம் நாலைந்து கிலோ. ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தொட்டியைக் கொட்டிக் கழுவி ரோலரைக் காயவைக்க வேண்டும், ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் வீடே நாறும். வாப்பா உம்மா இரண்டு பேரில் யார் அதைச் செய்யப் போகிறார்கள் என்று முதலில் போனில் கேளுங்கள். மகன் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அதனால் ‘வேணுமா’ என்று கேட்காமல் ‘தொட்டியை யாரு கழுவுவா’ என்று கேளுங்கள்.

கொண்டுவருவதாக இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். அதில் வோல்ட்டும் ஆம்பியர்-ஹவரும் அச்சடித்திருக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட்-ஹவர். 21.6 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 86 வாட்-ஹவர். 100 வரைக்கும் பொதுவாக விமானத்தில் அனுமதி உண்டு, 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மெஷினிலிருந்து கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். அங்கேயும் இங்கேயும் மின்சாரம் ஒரே மாதிரிதான், பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

என் மனதில் பெரிய தயக்கம் உதிரிப் பாகம். ரோலரும் வடிகட்டியும் தேய்கிற சாமான், வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். அந்த மாடல் இந்தியாவில் விற்கிறதா, திருநெல்வேலியிலோ மதுரையிலோ சர்வீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் இங்கேயே பில்லோடு வாங்கிக் கொடுங்கள். வெளிநாட்டு வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. இன்னொன்று, அவர்கள் உங்களோடு வந்து மாதக்கணக்கில் தங்குவதுண்டு என்றால், வீட்டைப் பூட்டும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடி அறையிலோ போடாமல் கீழ் அறையில் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். முழுக்க இறங்கின லித்தியம் பேட்டரி பல மாதம் கிடந்தால் திரும்பச் சார்ஜ் ஏறாமலே போய்விடலாம். சித்திரை வெயில் சூடும் அதன் ஆயுளைத் தின்னும்.

கேள்வி: எங்கள் வீட்டு மொசைக் தரை மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் புதுசாகிவிடும், கூடவே பிளீச்சிங் பவுடரும் போடு என்று பக்கத்து வீட்டு மதினி சொல்கிறார்கள்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம், இரண்டுமே வேண்டாம். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின அறையில் அது உயிருக்கே ஆபத்து. மொசைக் என்பது சிமெண்டில் பதித்த மார்பிள் சில்லுகள், மார்பிள் சுண்ணாம்புக் கல், ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும். அன்றைக்குப் பளிச்சென்று தெரிவது மேல்தோல் போனதால்தான், ஒரு மாதத்தில் முன்னைவிட மங்கும், சொரசொரப்பில் அழுக்கும் சீக்கிரம் ஏறும். மங்கிய மொசைக்கைத் திரும்பப் பாலிஷ் போட ஆள் இருக்கிறார்கள், கல் வைத்து மெஷினில் தேய்ப்பார்கள், சதுர அடிக் கணக்கில் கூலி. ஒரு தடவை செய்தால் வருஷக் கணக்கில் நிற்கும். மோட்டார் மாப்புக்கு வைத்திருக்கிற பணம் இருந்தால் அதை இதற்குப் போடுங்கள் என்பேன். பாலிஷ் போட்ட தரையில் தாமிரபரணித் தண்ணீரும் கைமாப்பும் போதும், உங்கள் ஊருக்குத் தண்ணீர் பிரச்சினையும் இல்லை.

கேள்வி: வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்காக மோட்டார் மாப் வாங்கினோம், அவர் தொடவே மாட்டேன் என்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
– வாசகி, பெருமாள்புரம்

பதில்: வாங்குவதற்கு முன்னால் அவரிடம் கேட்டீர்களா? உங்கள் வீட்டை மட்டுமா அவர் துடைக்கிறார், அதே காலையில் இன்னும் மூணு நாலு வீடு இருக்கும். கைமாப்பில் இருபது நிமிஷத்தில் முடிகிற வேலை மெஷினில் கழற்றி மாட்டி, துணி அலசி, சார்ஜில் போட்டு என்று நீண்டால் அவருக்கு அடுத்த வீட்டில் பேச்சு விழும். உடைந்துவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்கிற பயமும் இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பழுதானால் உங்கள் பொறுப்பு, பிடித்தம் எதுவும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். துணி அலசுகிறதும் சார்ஜும் உங்கள் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், காலால் மிதித்துப் பிழிகிற வாளி மாப் எது வேண்டும் என்று அவரையே கடைக்குக் கூட்டிப்போய் எடுக்கச் சொல்லுங்கள். அவர் தோள், அவர் இடுப்பு, அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: மோட்டார் மாப்புக்குக் கரண்ட் பில் எகிறுமா? நீராவி மாப் வாங்கினால்?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: சுற்றுகிற மாப் 60 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் அரை மணி நேரம், மாதத்துக்கு ஒரு யூனிட்கூட வராது. நீராவி மாப் 1300 வாட் அளவில் இழுக்கும், அதே அரை மணி நேரத்துக்கு மாதம் இருபது யூனிட் வரை போகும். கடினத் தண்ணீர் ஊற்றினால் உள்ளே உப்புக் கட்டி அடைத்தும்விடும். பத்தமடைப் பாய் விரித்துத் தரையில் படுக்கிற வீடு என்றால் எந்த மாப் போட்டாலும் தரை நன்றாகக் காய்ந்த பிறகு பாயை விரியுங்கள், ஈரம் பட்டால் கோரை பூசணம் பிடிக்கும்.

கேள்வி: பூஜை அறையிலும் அதே மாப்பைப் போடலாமா? வெள்ளிக்கிழமை தண்ணீரில் கல்லுப்பும் மஞ்சளும் போடுவோம், மெஷின் தொட்டியில் போடலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: பூஜை அறைக்குத் தனித் துணி வைத்துக் கையால் துடைக்கிறதுதான் நம் வழக்கம், சின்ன இடம்தானே, அப்படியே இருக்கட்டும். மெஷின் தொட்டியில் உப்பும் மஞ்சளும் போடாதீர்கள். உப்பு உள்ளே இருக்கிற இரும்பை அரிக்கும், மஞ்சள் துணியிலும் டைல்ஸ் இடுக்கிலும் கறையாக நிற்கும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் சேறு வந்துவிட்டது. அதுபோல இன்னொரு தடவை வந்தால் இந்த மெஷின் உதவுமா?
– வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: உதவாது, ஓட்டிக் கெடுத்துவிடாதீர்கள். சேற்றை வழித்து எடுக்க ஓரடிக்கு மேல் அகலமான ரப்பர் வைப்பரும் மண்வெட்டியும்தான். சேறு காய்ந்து இறுகுவதற்குள் வழிக்க வேண்டும். சுவர் பிளக்குகள் நனைந்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு வேலையில் இறங்குங்கள், எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்பப் போடாதீர்கள். ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னால் அந்த வைப்பரை வாங்கி வைத்துவிடுங்கள், அதற்குப் பெரிய விலை ஒன்றும் ஆகாது.

கேள்வி: சாரல் நாட்களில் மாப் துணி காயாமல் வீடெல்லாம் ஊறல் வாடை. என்ன செய்ய?
– வாசகி, செங்கோட்டை

பதில்: வாளிக்குள் மாப்பை நிறுத்திவைக்கிற பழக்கத்தை விடுங்கள், வாடை அங்கேதான் பிறக்கிறது. துடைத்து முடித்ததும் துணியைக் கழற்றி, கை பொறுக்கிற வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, ஒட்டப் பிழிந்து, அடுக்களைப் பக்கம் காற்றோட்டமான கொடியில் விரித்துப் போடுங்கள், சுருட்டிப் போடாதீர்கள். துணி மென்மையாக ஊற்றுகிற கண்டிஷனர் மைக்ரோஃபைபருக்கு ஆகாது, இழையை அடைத்துவிடும், பிறகு தண்ணீரையும் இழுக்காது அழுக்கையும் பிடிக்காது. துண்டு, லுங்கியோடு சேர்த்து மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு இதில் ஒட்டிக்கொள்ளும், தனியாகத் துவையுங்கள். சாரல் காலத்துக்கு மூணு செட் துணி வேண்டும், இரண்டு போதாது.